முதுகில் ஒரு பச்சைப் பொட்டு

“என் கதையில ஒடுக்கப்பட்டவன் யாரு தம்பி?” என்று டிரைவர் கேட்டார்.

புத்தகக்கடைக்காரன் ஸ்டூல் மேல் நின்றிருந்தான். கையில் சுத்தியல், வாயில் இரண்டு ஆணி. தலைக்கு மேல் அப்போதுதான் அடித்து முடித்த பலகை: ‘ஒடுக்கப்பட்டோர் குரல்’. பலகைக்குக் கீழே, கண்மட்டத்தில், அட்டை முகம் தெரியும்படி டிரைவர் எழுதிய நாவல். இருபது பிரதிகள். மை வாசனை இன்னும் போகவில்லை.

“செத்தவன் பல் டாக்டர். அவனுக்கு ரெண்டு வீடு இருக்கு. ஒரு படகு இருக்கு. பொண்டாட்டிக்குத் தெரியாம இன்னொரு படகும் இருக்கு. அவனையா இங்க கொண்டாந்து வெச்சிருக்கீங்க?”

அவன் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினான். “கதையைச் சொல்லலக்கா. எழுதினவங்களை...”

“எழுதினது நான். பஸ் ஓட்டுறவ. ரோட்டுல எல்லாரும் எனக்குத்தான் ஒதுங்கி வழிவிடணும்.”

அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். 

டிரைவர் காக்கிச் சட்டையின் கைமடிப்பைச் சரிசெய்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். பேருந்தின் கடைசி நிறுத்தம் கடைக்கு நேர் எதிரே. வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு மறுபடி கிளம்புவதற்குள் அவருக்குப் பதினோரு நிமிடம். நான்கு வருடமாக அவர் இந்தக் கடையில் வாழ்ந்ததெல்லாம் அந்தப் பதினோரு நிமிடங்களில்தான்.

“படிச்சீங்களா?” என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

“படிச்சேன்க்கா. அருமை. நல்ல சமூகப் பார்வை.”

டிரைவர் அவன் முகத்தையே பார்த்தார். ஏதோ விழுந்துவிட்டது போலவும், அதை அவன் குனிந்து எடுப்பான் என்று காத்திருப்பது போலவும் இருந்தது அந்தப் பார்வை.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்க்கா.”

வெளியே கண்டக்டர் விசில் அடித்தார். டிரைவர் வாசல்வரை போய்த் திரும்பினார். சனிக்கிழமை வாசிப்புக் கூட்டத்துக்குத் தான் வர வேண்டுமென்றால் அந்தப் பலகை இருக்கக்கூடாது என்றார். கத்தவில்லை. பேருந்தில் பின்படியில் தொங்குபவர்களிடம் பேசும் அதே குரல்தான்.

அவன் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை.

அது மட்டுமல்ல. பதினான்கு மாதமாக அவன் எதையும் படிக்கவில்லை. மனைவி இறந்த வாரத்தில் ஒரு புத்தகத்தைத் திறந்தான். எழுத்துகள் எழுத்துகளாகவே நின்றன. வரிசையாக, ஒழுங்காக, யாருக்காகவோ. மூடி வைத்தான். அப்புறம் திறக்கவில்லை. கடையை மட்டும் தினமும் காலை ஒன்பதரைக்குத் திறந்தான்.

அவள் இருந்தபோது கடைக்கு ஒரே ஒரு சட்டம்தான். படிக்காத புத்தகம் அலமாரியில் ஏறக்கூடாது. இருவரில் யாராவது ஒருவர் படித்திருக்க வேண்டும். படித்ததும் ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் ஒரு வரி எழுதி முன்னட்டைக்குள் செருகுவார்கள். அவன் எழுதுவது பள்ளிக்கூட விடைத்தாள் மாதிரி இருக்கும். அவளுடையது அப்படியல்ல. ‘முதல் நாற்பது பக்கம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், பிறகு புத்தகம் உங்களைக் கடிக்கும்.’ ‘ஆசிரியருக்கு மாமியார் மேல் என்ன கோபமோ தெரியவில்லை, நமக்கு லாபம்.’ புத்தகம் வாங்காமல் சீட்டுகளை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் ஊரில் ஒரு பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் அவள் நாற்காலி போட்டாள்.

எழுதி முடித்த பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு அதையே தேடுவாள். அவன் சொல்ல மாட்டான். எவ்வளவு நேரம் தேடுகிறாள் என்று பார்ப்பான்.

கடை முன்பு வேறு ஒருவருடையது. இவர்கள் எடுத்தபோது மூலையில் ஒரு பெரிய வட்டக் கண்ணாடி மாட்டியிருந்தது. கல்லாவிலிருந்து பார்த்தால் கடை முழுவதும் தெரியும். ஆனால் கண்ணாடி கடை முழுவதையும் பார்ப்பதற்காக மாட்டப்பட்டதல்ல. ஆற்றுக்கு அந்தப் பக்கம், மூன்று தலைமுறைக்கு முன் துறைமுகம் வெட்டக் கப்பலில் அழைத்து வரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். ஊர் அவர்களை அக்கரைக்காரர்கள் என்றது. நிறம் வேறு, பேச்சின் இழுப்பு வேறு. அவர்கள் கடைக்குள் நுழைந்தால் கண்ணாடிக்கு வேலை வரும். எந்தக் கடையிலும் அப்படித்தான். துணிக்கடையில் ஒரு ஆள் பின்னாலேயே வருவான். மருந்துக்கடையில் பையை வெளியே வைக்கச் சொல்வார்கள்.

அவள் முதல் நாளே கண்ணாடியைக் கழற்றிக் குளியலறையில் மாட்டினாள். அதில் பார்த்துப் பல் தேய்த்தால் இருவருக்கும் மூக்கு மட்டும் வீங்கித் தெரியும். “இப்பதான் இது உருப்படியா ஒரு வேலை பார்க்குது” என்றாள். நுரையோடு சிரித்தாள்.

டிரைவரும் அக்கரைதான். அவர் முதல் முறை வந்தது ஒரு மழை நாளில். உள்ளே வரவில்லை. வெளியே நின்று கண்ணாடிக் கதவு வழியாகத் தலைப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் கதவைத் திறந்தாள். உள்ளே வந்ததும் டிரைவரின் கண் தானாக மூலைக்குப் போயிற்று. அங்கே வெறும் ஆணி. அவள் டிரைவரின் செருப்பைப் பார்த்தாள். ஆட்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பதில் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. முகத்தைப் பார்க்க மாட்டாள். செருப்பு, நகம், குடையை மடிக்கிற விதம். வலது செருப்பு மட்டும் தேய்ந்திருந்தது. பிரேக் மிதிக்கிற கால், மெதுவாகப் போகிற கதை இவருக்குச் சலிக்கும் என்று சொல்லி ஒரு கொலைக் கதையை எடுத்து நீட்டினாள். டிரைவர் அதைப் பதினோரு நிமிடம் பதினோரு நிமிடமாக நின்றபடியே மூன்று வாரத்தில் முடித்தார். விட்ட பக்கத்தில் ஒரு பயணச்சீட்டு. யாரும் அதை நகர்த்தவில்லை.

பிறகு டிரைவர் தானே ஒரு கதை எழுத ஆரம்பித்தார். முதல் அத்தியாயத்தைக் கேட்டதும் அவள் வாக்குக் கொடுத்தாள். புத்தகமாக வந்தால் முதல் வாசிப்பு இந்தக் கடையில்தான். நாற்காலி போட்டு, ஆட்களை அழைத்து.

அவள் பாதியில் விட்டுப்போன வேலைகளை அவன் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். ஜன்னல் திரைக்கு ஓரம் தைப்பது. குழாய்க்காரரைத் திட்டுவது. டிரைவரின் புத்தகம். திரையை யாரிடமோ கொடுத்துத் தைத்தான். குழாய்க்காரரைத் திட்ட வரவில்லை; கடிதமாக எழுதிக் கொடுத்தான். அவர் பதில் எழுதினார். மீதி இருந்தது மூன்றாவது மட்டும்.

அது சனிக்கிழமை. இன்று திங்கள்.

பலகை யோசனை அவனுடையதல்ல. மச்சானுடையது.

மச்சான் அவளுடைய அண்ணன். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. தங்கை போன பிறகு தினமும் ஐந்தரைக்குக் கடைக்கு வந்து ஏதாவது யோசனை சொல்வார். அழத் தெரியாதவர். போன வாரம் புத்தக விற்பனையாளர் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சிறு புத்தகக் கடைகள் நிறவெறிக்கு எதிராகச் செய்யக்கூடியவை பத்து. மச்சான் அதை மூன்று பிரதி எடுத்து, ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாசகர் வட்டத்தின் தலைவரும் அவர்தான்.

“தங்கச்சி இருந்திருந்தா பத்தையும் செஞ்சிருப்பா மாப்ளே” என்றார்.

அவன் ஒன்றாவது யோசனையில் ஆரம்பித்தான். ஒதுக்கப்பட்டவர்களின் எழுத்தைக் கண்ணில் படும்படி வையுங்கள். எந்தெந்தப் புத்தகம் என்று படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். படிக்க முடியவில்லை. அதனால் பின்னட்டையைத் திருப்பி, புகைப்படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். கொஞ்சம் கறுப்பாக இருந்தவர்களெல்லாம் ஒரே அலமாரிக்கு வந்தார்கள். பல் டாக்டர் கொலை, அணுக்களைப் பற்றி ஒரு பாடநூல், மிதிவண்டி பழுது பார்ப்பது எப்படி. வெயிலில் படம் எடுத்துக்கொண்ட ஒரு மலையேறியும் தெரியாமல் வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவன் பலகையைக் கழற்றினான். புத்தகங்களை அவரவர் இடத்துக்குப் பிரித்து வைத்தான். டிரைவரின் நாவல் துப்பறியும் கதைகளுக்கு நடுவே போயிற்று. வேலை முடிந்தது என்று நினைத்தான்.

பக்கத்து மருந்துக்கடை அம்மா உள்ளே வந்தார். அவர்தான் முந்தின நாள் முதல் பிரதியை வாங்கிப் போனவர். ஒரே மூச்சில் முடித்துவிட்டாராம். அவன் கையைப் பிடித்துக்கொண்டார். எப்படித்தான் தாங்குகிறாய் என்றார். பழகிவிட்டது என்றான். படித்ததும் உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல் டாக்டர் செத்ததற்கு இவ்வளவு அழுவார்கள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. நல்ல நாவல்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மாலையில் மச்சான் வட்டத்து ஆட்கள் ஆறு பேரோடு வந்தார். அலமாரி காலி. ஆணி மட்டும் இருந்தது.

“யாரு மிரட்டினா மாப்ளே?”

“யாரும் மிரட்டல மச்சான். டிரைவரக்காவே எடுக்கச் சொன்னாங்க.”

“அவங்களையே சொல்லவெச்சிருக்காங்க பாருங்க” என்றார் மச்சான். ஆறு பேரும் தலையசைத்தார்கள். எதிர்ப்பு வந்தால் சரியான பாதையில் போகிறோம் என்று அர்த்தம் என்று ஒருவர் சொன்னார். அவன் எதிர்க்கவில்லை. பாதையும் தெரியவில்லை.

அதற்குள் அக்கரையிலிருந்து இரண்டு கல்லூரி மாணவிகள் வந்து நின்றார்கள். எங்கள் ஆட்கள் எழுதியதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு பேருந்து மாறி வந்தோம், எங்கே என்றார்கள். பிரித்து வைத்துவிட்டேன் என்றான். அப்புறம் எப்படித் தேடுவது என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவள் இருந்திருந்தால் அலமாரியைப் பார்க்காமலே கை நீட்டி எடுத்துக் கொடுத்திருப்பாள். கடையின் அட்டவணையே அவள்தான். அவளோடு அதுவும் போய்விட்டது.

“அடையாளம் வெச்சிடலாம் மாப்ளே. கண்ணை உறுத்தாம, சின்னதா” என்றார் மச்சான்.

பச்சைப் பொட்டு. எழுதுபொருள் கடையில் தாளாக விற்கிற, நாக்கு படாமல் ஒட்டுகிற, விரல்நகம் அளவு வட்டம். அந்தந்தப் புத்தகத்தின் முதுகில் ஒன்று. தேடுகிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது.

புதன்கிழமை டிரைவர் உள்ளே வந்தார். துப்பறியும் அலமாரி முன்னால் நின்றார். முதல் இரண்டு நிமிடம் ஒவ்வொரு முதுகாகப் பார்த்தார்.

“சந்தைக்கு ஓட்டிட்டுப் போற ஆட்டுக்கு இப்படித்தான் மை வெப்பாங்க” என்றார்.

“உதவியா இருக்கும்னு...”

“ஆட்டுக்காரனும் அப்படித்தான் சொல்லுவான்.”

மீதி ஒன்பது நிமிடத்தையும் அவர் பேருந்திலேயே உட்கார்ந்து கழித்தார். கண்டக்டர் மட்டும் வாசலுக்கு வந்தார். நரைத்த மீசை, கழுத்தில் விசில், தோல்பை. டிரைவர் கொடுத்த பிரதியைப் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும்படி வைத்திருந்தார். நடைக்கு இரண்டு பக்கம் வீதம் படிக்கிறாராம். அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மனசைத் தளரவிடாதீங்க தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார். பொட்டுப் பிரச்சினை அவர்வரை போய்விட்டது என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

சிலருக்கு மட்டும் பொட்டு வைத்தால்தானே அவமானம்? எல்லோருக்கும் வைத்துவிட்டால்? இதை யார் முதலில் சொன்னது என்று பிறகு இருவரும் ஒருவரையொருவர் காட்டினார்கள். அன்று மாலை கதவைச் சாத்திவிட்டு அவனும் மச்சானும் தரையில் உட்கார்ந்து ஒட்டினார்கள். கவிதைக்கு, வரலாற்றுக்கு, அகராதிக்கு, ரயில் நேர அட்டவணைக்கு, குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகத்துக்கு. ஒட்டும்போது மச்சான் தங்கையின் சின்ன வயதுக் கதை ஒன்று சொன்னார். வீட்டில் காணாமல் போன கத்தரிக்கோலை யார் எடுத்தது என்று எட்டு வயதில் கண்டுபிடித்தாளாம். எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து நகத்தைப் பார்த்தாளாம். எடுத்தது மச்சான்தான். சொல்லிவிட்டு அவர் ஒரே புத்தகத்தில் நான்கு பொட்டு ஒட்டினார். அவன் கவனிக்காதது போல இருந்தான்.

வியாழக்கிழமை காலையில் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் கூட்டம். அவனுக்கு மகிழ்ச்சிகூட வந்தது. அவள் போன பிறகு இப்படி ஒரு கூட்டம் வரவில்லை.

“பச்சைப் பொட்டு போட்டதுக்கெல்லாம் தள்ளுபடியாமே?” என்று கேட்டார் முன்னால் நின்றவர். கையில் இரண்டு கூடை.

“தள்ளுபடி இல்லைங்க. சமத்துவம்.”

“சமத்துவம்னா எவ்வளவு குறையும்?”

அவனால் விளக்க முடியவில்லை. மதியத்துக்குள் கூட்டம் கோபமாகிக் கலைந்தது. ஏமாற்றுக் கடை என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போனார். கூட்டம் போனதும் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் ஒருவர் வந்தார். அவர் எட்டுக் கவிதைத் தொகுப்பு வெளியிட்டவர். தன் புத்தகங்களுக்கு இரண்டு பொட்டு வேண்டும் என்றார். நாற்பது வருடமாக ஒரு பரிசுகூட வராத தன்னைவிட ஒதுக்கப்பட்டவன் இந்த ஊரில் யார் என்று கேட்டார். மச்சான் அவருக்குச் சுற்றறிக்கையின் பிரதி ஒன்றைக் கொடுத்தார். அவர் அதிலிருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

பொட்டுகளைப் பிய்க்க ஆரம்பித்தார்கள். நல்ல பசை. பொட்டு தனியாக வரவில்லை, அட்டையின் மேல்தாளோடு வந்தது. முதுகில் பெயர் இருக்கும் இடம் பார்த்துத்தான் மச்சான் ஒட்டியிருந்தார். மாலைக்குள் கடையில் பாதி எழுத்தாளர்களுக்குப் பெயர் இல்லை. எந்தப் புத்தகம் யாருடையது, யார் எந்தக் கரை, ஒன்றும் தெரியவில்லை. பத்து யோசனைகளும் எதிர்பார்த்திராத சமத்துவம்.

வெள்ளிக்கிழமை காலையில் மச்சான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். கையில் சுருட்டிய ஒரு பெரிய தாள். இவ்வளவு ஆனபிறகு டிரைவருக்கு ஒரு மரியாதை செய்தே ஆக வேண்டும் என்று, பின்னட்டைப் படத்தை அச்சகத்தில் கொடுத்து ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார். கீழே கொட்டை எழுத்தில்: ‘அக்கரையின் முதல் பெண் குரல்’. ஜன்னலில் ஒட்டினார்கள். தெருவின் கோடியிலிருந்தே தெரிந்தது.

பதினோரு மணிக்கு டிரைவரின் அம்மாவும் சித்தியும் பாலம் கடந்து நடந்தே வந்துவிட்டார்கள்.

“முதல் குரலா?” என்றார் சித்தி. “நான் முப்பது வருஷமா மேடையில பாடுறேன். எனக்கு முன்னால எங்க அத்தை பாடினாங்க. அப்போ நாங்கல்லாம் வாயை மட்டும் அசைச்சோமா?”

மச்சான் ஏதோ சொல்ல வந்தார். சித்தி அவரைப் பார்த்தார். அவர் சட்டைப்பைக்குள் சுற்றறிக்கையைத் தேட ஆரம்பித்தார்.

அம்மா படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

“எம் பொண்ணை ஏன் வெளுத்து வெச்சிருக்கீங்க?”

அவன் அப்போதுதான் பார்த்தான். முகம் அசல் நிறத்தைவிட நன்றாக வெளுத்திருந்தது. அச்சகத்துக்காரரைத் தொலைபேசியில் கேட்டான். அவர் பெருமையாகச் சொன்னார். யாரும் கேட்காமலே செய்தது, அழகாக இருக்கட்டும் என்று, இதற்குத் தனியாக ஒன்றும் வேண்டாம்.

அவன் தொலைபேசியை வைத்தான். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டான். அவர் பரவாயில்லை என்று சொன்னார். பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அது. அதைக் கேட்டதும்தான், இந்த ஐந்து நாளில் முதல் முறையாக, அவனுக்கு எங்கோ வலித்தது.

அடுத்த நடைக்குப் பேருந்து வந்து நின்றது. டிரைவர் இறங்கவில்லை. இருக்கையில் உட்கார்ந்தபடியே ஜன்னலில் இருந்த தன் வெளுத்த முகத்தைப் பார்த்தார். பதினோரு நிமிடமும் பார்த்தார். கண்டக்டர் தெருவைக் கடந்து வந்து சொன்னார். நாளைக்கு வரவில்லையாம். வாங்கியிருந்த விடுப்பையும் ரத்து செய்துவிட்டாராம்.

அவன் படத்தைக் கிழித்தான். மச்சான் தடுக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து சுற்றறிக்கையை எட்டாக மடித்துக்கொண்டிருந்தார். “அவ இருந்தா நம்மளை ரெண்டு பேரையும் வெளியில நிக்கவெச்சிருப்பா மாப்ளே” என்றார்.

அவர் போன பிறகு அவன் நாவலை எடுத்துத் திறந்தான். முதல் வரி: ‘ஏறும்போது பேருந்தில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள், இறங்கும்போது இருபத்தொருவர் நடந்து போனார்கள்.’ நல்ல வரி. அவளாக இருந்தால் உரக்கப் படித்திருப்பாள். அவன் அலமாரி துடைக்கும்போது அவள் ஏணியில் உட்கார்ந்து அப்படித்தான் படிப்பாள். சுவாரசியமான இடம் வந்தால் குரல் நின்றுவிடும். மனசுக்குள் படிக்க ஆரம்பித்துவிடுவாள். அவன் துணியோடு நின்று, அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று கேட்க வேண்டும். அவன் அந்த முதல் வரியை நான்கு முறை படித்தான். அதற்கு மேல் போகவில்லை. மூடி வைத்தான்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு நாற்காலிகளைப் போட்டான். அழைத்தவர்களை எப்படி வராமல் செய்வது என்று தெரியாததால் போட்டான். மருந்துக்கடை அம்மா வந்தார். வட்டத்து ஆறு பேர். அந்த இரண்டு மாணவிகள். முதல்வர் தன் தொகுப்புகளோடு வந்து, ஒருவேளை நேரம் இருந்தால் என்று சொல்லி முன்வரிசையில் உட்கார்ந்தார். அம்மாவும் சித்தியும்கூட வந்திருந்தார்கள். என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்தோம் என்றார் சித்தி. மேசை மேல் ஒரு குவளை தண்ணீர். மேசைக்குப் பின்னால் ஆளில்லாத நாற்காலி.

நான்கு பத்துக்குப் பேருந்து வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். பின்னால் கண்டக்டர். என்னவோ நடக்கிறது என்று பயணிகளில் சிலரும் இறங்கி வந்து வாசலில் நின்றார்கள்.

டிரைவர் நாற்காலியில் உட்காரவில்லை. மேசைமுன் நின்றார். சீருடையில் இருந்தார்.

“எனக்குப் பதினோரு நிமிஷம்தான். ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். அதுக்குப் பதில் சொன்னீங்கன்னா உக்காந்து வாசிக்கிறேன். இல்லைன்னா கிளம்புறேன். இந்தப் பக்கம் பஸ் வரும், நான் இறங்க மாட்டேன்.”

“கேளுங்கக்கா.”

“என் கதையில கொலை பண்ணது யாரு?”

மருந்துக்கடை அம்மாவின் முகத்தில் பதில் தெரிந்தது. கண்டக்டர் முகத்திலும் தெரிந்தது. அவன் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். முகத்தில் பெயர் எழுதியிருக்கவில்லை.

பின்னாலிருந்து மச்சான் மெல்ல, “சமூகம்னு சொல்லுங்க மாப்ளே” என்றார்.

அவன் வேறு வழியில்லாமல், “சமூகம்...” என்றான்.

“சமூகம் எப்படி பல் டாக்டரோட கஷாயத்துல மாத்திரையைக் கலக்கும்?” என்றார் டிரைவர்.

முன்வரிசையில் சித்தி சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். மச்சானிடம், நீங்கள் படித்தீர்களா என்று கேட்டார் டிரைவர். பின்னட்டை முழுவதும் படித்தேன் என்றார் மச்சான். பின்னட்டையே நூறு வார்த்தை இருந்தது என்றும் சொன்னார்.

அவன் தண்ணீர்க் குவளையைப் பார்த்தான். இனி சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது.

“படிக்கலக்கா” என்றான். “திங்கக்கிழமை உங்ககிட்ட பொய் சொன்னேன். உங்க புஸ்தகம்னு இல்ல. அவ போனதுலேர்ந்து எதையும் படிக்க முடியல. முதல் வரி நல்லா இருக்கு. அது மட்டும் தெரியும். அவ உங்களுக்குக் கொடுத்த வாக்கு. அதைக் காப்பாத்தணும்னுதான் இவ்வளவும் பண்ணேன். நீங்க எந்தக் கரைன்னு பார்த்தேன். என்ன எழுதியிருக்கீங்கன்னு பார்க்கல. மன்னிச்சிடுங்க.”

டிரைவருக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. கை தானாக நாற்காலியைத் தேடிப் பிடித்தது. உட்கார்ந்தார்.

“அப்போ... பலகை வெச்சப்பவும், பொட்டு வெச்சப்பவும்... உங்களுக்குத் தெரியவே தெரியாதா?”

“என்னதுக்கா?”

டிரைவர் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தார். மருந்துக்கடை அம்மா முந்தானையை எடுத்துக்கொண்டார். யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

விசிலைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்ற கண்டக்டர் மணியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“என்ன தம்பி இது, ஒன்பதாம் பக்கத்துல கதவைத் திறந்துக்கிட்டு வந்து, கடைசிப் பக்கம் வரைக்கும் அந்தக் கொலையைத் துப்பறியறதே உங்க வீட்டம்மாதானே?”